பிரேக் பாயும் தலைகீழ் சைக்கிளும்

சைக்கிளுக்கும் மானம் உண்டு என்று நம்பிய மனிதர் மதுரையிலேயே ஒருவர்தான்: கோரிப்பாளையத்து பிரேக் பாய். அந்த ஞானம் பிறந்த இடம் பக்கத்து ஆட்டுக்கறிக் கடை. தோலுரித்த ஆடு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவருடைய சைக்கிள் ரிப்பேர்க் கடையில் ஒரு வண்டியும் அதே கோலத்தில், சக்கரங்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"உசுரோட இருக்கிற வண்டிய இப்பிடியா போடுறது!" என்று அப்போதே நிமிர்த்திவிட்டார்.

அன்று முதல் அவரிடம் வந்த சைக்கிள்களெல்லாம் வேப்பங்கிளையில் கயிறு கட்டி, நிமிர்ந்தபடியே ஊஞ்சலாடின. பாய் அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்ப்பார். காற்றடித்தால் பெடல் அவர் மூக்கில் இடிக்கும். "கோவக்கார வண்டி" என்று அதைத் தடவிக்கொடுப்பார். இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த நான் பாதி வகுப்புகளை அந்த மரத்தடியில்தான் கழித்தேன்.

பிரேக் கட்டை மாட்டுவதில் அவருக்கு ஒரு வேதவாக்கு இருந்தது. ரப்பர் கட்டையைப் பிடித்திருக்கும் இரும்புக் கூட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். சுழலும் சக்கரம் கட்டையை மூடிய முனைப் பக்கம் தள்ள வேண்டும்; திறந்த பக்கம் தள்ளினால் கட்டை வெளியே பாய்ந்துவிடும். "பின் சக்கரத்துக்கு மூடின மொகம் தரையப் பாக்கணும், தம்பி. அம்புட்டுத்தான்."

யுத்த காலம். ரப்பர் கிடைக்காமல் பழைய லாரி டயரை அறுத்துக் கட்டை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் தந்திப் பியூன் சோலை வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் சைக்கிளுக்கு முன் பிரேக் எப்போதோ போய்விட்டது. இப்போது பின்னதும் போயிற்று.

"பாய், இன்னொரு தந்தி லேட்டாச்சுன்னா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. சீக்கிரம்!"

"கயிறு நேத்துத்தான் அந்து போச்சு மாப்ள. புதுசு வரட்டும்."

"தலைகீழாப் போடுங்க பாய், புள்ளகுட்டிக்காரன்!"

பாய் தரையில் தன் துண்டை விரித்தார். வண்டியிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு கவிழ்த்தார். வேதவாக்குப்படி மூடிய முனை தரையைப் பார்க்கக் கட்டைகளை மாட்டி இறுக்கினார். சோதித்துப் பார்க்கச் சக்கரத்தைத் தொடுவதற்குள் சோலை வண்டியைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார்.

பாய் துண்டை உதறினார். தரையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. கவிழ்ந்த வண்டியில் தரையைப் பார்த்த முனை, நிமிர்ந்த வண்டியில் வானத்தையல்லவா பார்க்கும்!

"சோல! பிரேக்கப் புடிக்காதீக!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நானும் ஓடினேன். சோலை வைகைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"புடிக்காம எப்பிடி நிக்கிறது பாய்?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தார்.

கட்டைகள் இரண்டும் துப்பாக்கிக் குண்டாய்ச் சீறின. சோலையும் சைக்கிளும் ஆற்று மணலில் உலர்ந்துகொண்டிருந்த வேட்டிகளுக்குள் புகுந்தார்கள்.

சோலைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தந்திக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் அவரைக் கேரியரில் உட்காரவைத்து, செருப்புக் காலை டயரில் அழுத்தியே வேகத்தைக் கட்டுப்படுத்தி, தந்தியைச் சிம்மக்கல்லில் சேர்த்துவிட்டார். அப்படியே ஆபீசரிடமும் போய் நின்றார்.

"சோல மேல குத்தமில்லீங்க. மூளைய நாந்தான் தலைகீழா மாட்டிட்டேன்."

ஆபீசர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல அந்த வண்டி என் கண்ணு முன்னால ஓடிவந்து, பிரேக்கப் புடிச்சதும் நிக்கட்டும். நின்னா இவனுக்கு வேலை இருக்கு."

சாயங்காலம் புதுக் கயிற்றில் சைக்கிள் நிமிர்ந்து ஆடியது. பாய் அடியில் படுத்தபடி சொன்னார்: "விடிஞ்சதும் மொதல்ல நான் சரிவுல இறங்கிப் பாக்குறேன் தம்பி. நின்னாத்தான் சோலைக்கிட்ட குடுப்பேன்."

"நிக்கலேன்னா?"

"நிக்கும்!"

நான் வண்டிப்பேட்டைக்குப் போய் நான்கு கட்டு வைக்கோலுக்குச் சொல்லிவைத்தேன். அவர் வருவதற்குள் சரிவின் அடியில் பரப்பிவிட வேண்டும். மேலே கொஞ்சம் மணலையும் தூவிவிட வேண்டும். பார்த்துவிட்டால், தன் பிரேக்கை நான் நம்பவில்லை என்று மனுஷர் வருத்தப்படுவார்.