குறிஞ்சி நகரில் குடியிருக்கத் தக்கவர்கள்

அரசு ஊழியர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்கிறது. அந்த ஊரில் எந்தப் பகுதியில் குடியிருப்பது என்பதை மட்டும் அவரே சுதந்திரமாக முடிவு செய்துகொள்ளலாம், மேலதிகாரிக்கு ஆட்சேபம் இல்லாத பட்சத்தில்.

1974 சித்திரையில் ஆரணியிலிருந்து மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்த எழுத்தர் சிவஞானத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது. கூடவே மனைவி கமலாம்பாளும் வந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

உப்புத் தரக் கண்காணிப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் பஞ்சநாதன், வந்த அன்றே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வீடு பாத்துட்டீங்களா?"

"கடலோரம் குப்பத்துல ஒரு ஓட்டு வீடு இருக்குதுன்னாங்க சார். கிணத்துத் தண்ணி இளநீ மாதிரின்னு பாஞ்சாலைன்னு ஒரு அம்மா சொன்னாங்க."

"தண்ணியப் பாத்தா குடி போறது? விலாசத்தப் பாக்கணும். குப்பம்னு விலாசம் போட்டா கடுதாசிய எவன் மதிப்பான்? நாலு பேரு வாழற எடமா ஒரு நகரா பாருங்க."

மரக்காணத்தில் நகர் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைவிடப்பட்ட உப்பளத்தில் மண் அடித்து மனை போட்டவர் ஒரு தடவை கொடைக்கானல் போய் வந்தவர். அதனால் அதற்குக் குறிஞ்சி நகர் என்று பெயர் வைத்திருந்தார். பெயர்ப்பலகை வீடுகளைவிட உயரம். செடி எதுவும் முளைக்காததால் எல்லா வீட்டு வாசலிலும் பிளாஸ்டிக் பூ இருந்தது. பஞ்சநாதன் உட்பட அலுவலகத்தார் பதினோரு பேரும் அங்கேதான் கௌரவமாக வசித்தார்கள். பன்னிரண்டாவதாகச் சிவஞானம் குடிபுகுந்தார்.

நகர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. பால் திரிந்தது. சோற்றுக்கு உப்புப் போட வேண்டிய செலவு மட்டும் இல்லை. ஏழாம் மாதம் கமலாம்பாளின் கால்கள் வீங்கின. ஆஸ்பத்திரி நர்ஸ் சகாயமேரி விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, நிமிர நேரமாயிற்று.

"உப்பக் கொறைக்கணும்மா. இல்லாட்டி தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

"நான் உப்பே போடறதில்லைங்க. தண்ணியில வருது."

சிவஞானத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மனு எழுதுவது. எழுதினார். பஞ்சநாதன் அதைப் படித்து, உப்புநீரின் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலோடு நேரில் வந்து கிணற்றில் இறக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"சிவஞானம், இது தண்ணி இல்ல. சட்டப்படி இது உப்பு தயாரிக்கிற மூலப்பொருள். இத எறைக்க லைசென்ஸ் வேணும்."

"சார், நாங்க குடிக்கத்தான் எறைக்கிறோம்."

பஞ்சநாதன் கொடியில் காய்ந்த புடவையைத் தட்டினார். வெள்ளையாகக் கொட்டியது. "இது உற்பத்தி. குடிச்ச உப்பு எங்க போவுது?"

"வீட்டுல அவங்க காலுக்குப் போவுது சார்."

"அது இருப்பு வைக்கிறது. அனுமதி இல்லாம இருப்பு வெச்சா தனிப் பிரிவு இருக்குது." குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. "எனக்கும்தான் நோட்டீஸ் வரும். நானே கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கணும்."

மேற்படி நகர்வாசிகள் பன்னிரண்டு பேருக்கும் விளக்கம் கோரும் அறிவிப்பைச் சிவஞானமே தயாரித்தார். தன் பெயருக்கு நேராகத் தானே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, கமலாம்பாள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, எனக்கு விலாசம் வாணாம்," என்றாள்.

மறுநாளே பாஞ்சாலையின் புருஷன் அரசப்பன் மாட்டு வண்டி பிடித்து வந்து சாமான்களை ஏற்றினார். குப்பத்துக் கிணறு மணல்மேட்டில் இருந்தது. இறைக்க இறைக்க ஊறும் நல்ல தண்ணீர். பாஞ்சாலை தினமும் தனக்கு இறைப்பதற்கு முன்னால் இவர்களுக்கு இரண்டு குடம் இறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். "புள்ளத்தாச்சி, நீ கயிறு தொடாத," என்றாள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆவணியில் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

அரசு ஊழியர் குப்பத்தில் வசிப்பது அலுவலகத்தின் மாண்புக்குக் குந்தகம் என்பதால், அதை விசாரிக்கப் பஞ்சநாதன் நேரில் வந்தார். கமலாம்பாள் காபி கொடுத்தாள். குடித்தார். இன்னொரு காபி கேட்டார். அடுத்த வாரம் அவரும் குப்பத்துக்கு வந்து சேர்ந்தார். வருவதற்கு முன்பு அதன் பெயரை நெய்தல் நகர் என்று மாற்ற ஆணை வாங்கிவிட்டார்.

மார்கழிக்குள் மற்றப் பத்துப் பேருக்கும் அங்கே வீடு தேவைப்பட்டது. ஆனால் வீடுகளில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பஞ்சநாதன் யோசித்தார்.

"பாவம், இந்த சனங்க நகர்ல வாழ்ந்ததே இல்ல. குறிஞ்சி நகர் காலியாத்தான ஆவப்போவுது. இவங்கள அங்க முன்னேத்திடலாம். காரணம் ஒண்ணு எழுதுங்க."

சிவஞானத்தின் பேனா நின்றது. பாஞ்சாலை தூக்கி வந்த குடங்கள் நினைவுக்கு வந்தன. மகளின் முகமும் நினைவுக்கு வந்தது. எழுதினார்: 'இவர்கள் பரம்பரையாகக் கடலோடு வாழ்பவர்களாதலால் உப்புக்குப் பழகியவர்கள்.'

"நல்ல தமிழ்," என்றார் பஞ்சநாதன்.

பொங்கலுக்கு மறுநாள் பதினெட்டுக் குடும்பங்கள் சட்டி பானையோடு முன்னேறின. பாஞ்சாலை போகும்போது குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். சிவஞானத்தைப் பார்க்கவில்லை.

கயிறு போட்டு இறைப்பது நெய்தல் நகருக்கு நாகரிகமாக இல்லை. கிணற்றில் மின்சார மோட்டார் இறங்கியது. தொட்டி கட்டினார்கள், பூச்செடி வைத்தார்கள். மோட்டார் உறிஞ்ச உறிஞ்ச, பங்குனியில் கடல் மண்ணுக்கடியில் நடந்து வந்து கிணற்றுக்குள் இறங்கியது. ஒரு காலையில் குழந்தை பாலைத் துப்பியது. கமலாம்பாள் ஒரு வாய் பருகிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

சந்தையில் விசாரித்ததில், குறிஞ்சி நகர் சனம் அங்கிருக்கும் கிணற்றுத் தண்ணீரைத் தொடுவதே இல்லை என்று தெரிந்தது. சவுக்குத் தோப்புக்கு அந்தாண்டை மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் கண்டிருக்கிறார்கள். எந்த இடம் என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சநாதனுக்குச் சேதி எட்டுவதற்கு முன் சிவஞானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சி நகருக்குப் போனார்.

பாஞ்சாலை குழந்தையை வாங்கிக்கொண்டாள். "தண்ணியா? நகர்ல குடியிருக்கறவங்களுக்குத்தான். அது இப்ப இங்க சட்டம். தலைவரக் கேளுங்க."

குடியமர்த்தும் ஆணையின்படி ஒரு நலச்சங்கமும் ஒரு தலைவரும் ஒரு முத்திரையும் இருந்தாக வேண்டும். தலைவர் அரசப்பன் மேசைக்குப் பின்னால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ரப்பர் ஸ்டாம்பு.

"குடி வரணும்னா விண்ணப்பம் குடுக்கணும் சார். மூணு பிரதி."

சிவஞானம் மூன்று பிரதி எழுதினார். வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக அவர் எதையும் எழுதியதில்லை. அரசப்பன் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இந்த ஆபீஸ் எழுத்தெல்லாம் ஒங்களுக்குத்தான் அத்துப்படி. நீங்களே படிச்சிப் பாத்து, கீழ முடிவ எழுதிடுங்க. நான் சீல் வெச்சிடறேன். தர்மமா எழுதுங்க, அது போதும்."

சிவஞானத்தின் கண் கலங்கியது. விண்ணப்பத்தை முறைப்படி ஒருமுறை படித்தார். நியாயமான விண்ணப்பம். பேனாவை எடுத்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ் அந்தக் கையில் இருந்தது. அது தயங்காமல் எழுதி முடித்தது.

"இன்னா எழுதினீங்க?"

சிவஞானம் அப்போதுதான் குனிந்து பார்த்தார். வாசித்தார். "'மனுதாரரின் கோரிக்கை உரியவாறு பரிசீலிக்கப்பட்டது. ஏற்க இயலவில்லை.'"

அரசப்பன் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றினார்.

"படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு, மூன்று பிரதியிலும் அழுத்தமாக முத்திரை குத்தினார்.