நோட்டீஸ் அக்காவும் எங்கள் கதவில் தொங்கிய பூட்டும்

எங்கள் ஊரான கெலாங் பாத்தாவில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குத்தான் பயந்தார்கள். ஒருவர் வருமான வரி அதிகாரி, இன்னொருவர் நோட்டீஸ் அக்கா. அதிகாரியிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம்.

அடுக்குமாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார் அக்கா. பேரங்காடி ஒன்றில் பாதுகாவலர் வேலை. அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதாவது 'நோட்டீஸ்' கொடுத்துவிட்டு, வர வேண்டும்; பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். லாபிஸிலிருந்து சொந்தத் தம்பியே டுரியான் பழத்தோடு திடுதிப்பென்று வந்து நின்றபோது, "டுரியான் உள்ள வரட்டும். நீ கீழ போயி போன் பண்ணிட்டு வா" என்றார். தம்பி இறங்கிப் போய் போன் செய்தார்.

இரண்டு வீடுகளுக்கும் ஒரே வீட்டுக்காரர். மாற்றுச் சாவி வைத்திருந்தார், நினைத்தபோது திறப்பார். ஒருநாள் அக்கா வேலை முடிந்து வந்தால் குளியலறையில் ஏதோ சத்தம். வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். போலீஸ்காரர் கதவைத் திறக்க, கையில் ஸ்பேனரோடு வெளியே வந்தார் வீட்டுக்காரர்.

"அலமாக், பைப் பாக்க வந்தேன். என் வீடுதானே?"

"உங்க வீடுதான் சார். குடியிருக்கிறது நானு. சொல்லிட்டு வரணும்னு எக்ரிமெண்டுல இருக்கு. நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்களுக்கே வரும்வரை.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். கிளினிக் போய்த் திரும்பினால், எங்கள் கதவில் புதுப் பூட்டு. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மகனுக்குக் கல்யாணமாம், வீடு உடனே வேண்டுமாம். "சாமான நாளைக்கு எடுத்துக்குங்க லா" என்றார். ஒப்பந்தம் முடியப் பல மாதங்கள் இருந்தன. லாயாங் லாயாங்கில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

அக்கா நாற்காலியோடு வந்து, மனைவியை உட்கார வைத்தார்.

"எங்கயும் போவாதீங்க தம்பி. போனா, நீங்களே காலி பண்ணிட்டீங்கன்னு சொல்லுவாரு."

பிறகு என் போனை வாங்கினார். "சார், கோர்ட்டு ஆர்டர் இல்லாம குடியிருக்கிறவங்கள வெளிய வச்சுப் பூட்டக் கூடாது. நீங்களே வந்து தொறக்கிறீங்களா, நாங்க போலீஸ் ரிப்போட் பண்ணிட்டு வக்கீலப் பாக்கட்டுமா?"

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அக்கா ஒரு பானை மீஹூன் சேமியா பிரட்டி, எங்கள் கதவுக்கு முன்னாலேயே மாடி முழுவதற்கும் பரிமாறினார். சாப்பிட வந்த ஒவ்வொருவரும் விஷயம் கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவரும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாவியோடு வந்துவிட்டார். அவருக்கும் ஒரு தட்டு கிடைத்தது.

"வீடு வேணும்னா முறையா பேசுங்க சார். கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்றார் அக்கா. வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். கணவர் செத்த வருஷம், குளுவாங்கில் குடியிருந்த அக்காவையும் இப்படித்தான் வெளியே வைத்துப் பூட்டினார்களாம். மகனின் பள்ளிச் சீருடைகூட உள்ளே மாட்டிக்கொண்டதாம்.

"பேசாம போயிட்டேன் தம்பி. போகத் தேவையில்லன்னு அப்ப யாரும் சொல்லல. அப்புறந்தான் வக்கீல்கிட்ட கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்."

சில நாட்களில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை வாசலிலேயே வாங்கி, வீட்டுக்குள் தூக்கிப் போனவர் அக்காதான். அன்று முழுக்கக் குழந்தை என் கைக்கு வரவே இல்லை. நானும் கேட்கவில்லை.