ஆமையண்ணன் அடித்த ஒரே கோல்

ஒரு காட்டில் ஒரு கால்பந்து அணி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும். வென்றது என்று சொல்ல முடியாது. அந்தக் காட்டுக்கு நாவற்காடு என்று பெயர். பெருவனக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் அது பதினொரு ஆண்டுகளாக ஆடி வந்தது. பதினொரு ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தைக்கூட அது வென்றதில்லை.

ஆனால் நாவற்காட்டு விலங்குகள் தோற்றதும் அழுவதில்லை. கணக்குப் போடும். ஆட்டம் முடிந்த கையோடு எல்லாம் இலுப்பை மரத்தடியில் கூடிவிடும்.

"அடுத்த ஆட்டத்துல நாம ஜெயிக்கணும். யானைங்க தோக்கணும். வரையாடுங்க டிரா பண்ணணும். அன்னைக்கு மழையும் பெய்யணும். அவ்வளவுதான், நாம உள்ள போயிட்டோம்" என்று அணில் தொடங்கும்.

"மழை எதுக்குடா?" என்று மந்தி அக்கா கேட்கும்.

"எதுக்கும் இருக்கட்டும்க்கா."

மந்திகள் விரல் போதாமல் வாலையும் சேர்த்து எண்ணும். அதனால் ஒவ்வொரு கணக்கிலும் ஒரு புள்ளி கூடிவிடும். அந்த ஒரு புள்ளிக்காக மரத்தடியில் அடிதடி நடக்கும். ஆட்டத்தில் காயம்பட்டவர்களைவிடக் கணக்கில் காயம்பட்டவர்கள் அதிகமானபோது, கால்பந்துச் சங்கம் ஒரு புதிய பதவியை உண்டாக்கியது. அந்தப் பதவிக்கு வாய்ப்புக் கணக்கர் என்று பெயர். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும், அணி அடுத்த சுற்றுக்குப் போக வழி இருக்கிறதா என்று கணக்கிட்டு இலுப்பை மரத்துப் பலகையில் எழுத வேண்டும். பட்டம் பெற்றிருக்க வேண்டும். வாலால் எண்ணக் கூடாது.

அந்த வேலை ஒரு தேவாங்குக்குக் கிடைத்தது. அதன் வம்சத்தில் மரத்திலிருந்து இறங்கிப் படித்தது அது ஒன்றுதான். பணி ஆணையை நான்கு முறை படித்தது. "அணிக்கு வாய்ப்பு உள்ளவரை இப்பணி தற்காலிகமாக நீடிக்கும். வாய்ப்பு இல்லாமற்போகும் நாளில் பணியும் முடியும். அணி எந்த வகையிலேனும் அடுத்த சுற்றுக்குச் சென்றால் பணி நிரந்தரமாகும்." ஐந்தாம் முறை படித்தாலும் அது அப்படியேதான் இருந்தது.

தேவாங்கின் அம்மாவோ 'தற்காலிகம்' என்ற சொல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நான்கு மரங்களுக்குச் சொல்லிவிட்டது.

தேவாங்கின் முதல் வேலை வீரர்களின் பதிவுப் படிவங்களைச் சரிபார்ப்பது. பத்துப் படிவங்கள் சரியாக இருந்தன. பதினோராவது, கோல்கீப்பர் ஆமையுடையது. படிவத்தில் முகம் தெரியும் படம் ஒட்ட வேண்டும். படம் எடுக்கும் கரிச்சான் குருவி ஆறு தடவை கேமராவை அழுத்தியது. ஆறு தடவையும் சத்தம் கேட்ட நொடியில் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறு படத்திலும் ஓடுதான்.

"கோச்சுக்காதம்மா. சத்தம் கேட்டா அதுவா உள்ள போயிடுது" என்றது ஆமை.

"ஆட்டத்துலயும் அப்படித்தானா அண்ணே?"

"பந்து வர்றப்ப இன்னும் வேகமாப் போகும்."

தேவாங்கு படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் 'முகம் தெரியவில்லை' என்று எழுதியது. சங்கத் தலைவர் உடும்பார் அதைப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளாகத் தலைவர் நாற்காலியைப் பிடித்திருப்பவர் அவர். உடும்பு பிடித்தால் விடாது என்பது நாற்காலிக்கும் பொருந்தும்.

"ஆமைக்கு ஓடுதான் முகம். அந்தக் குறிப்பை அடிச்சிட்டு, கோப்பை நடத்துற சம்மேளனத்துக்கு அனுப்பு" என்றார்.

"அடிச்சா பொய்யாயிடும் ஐயா."

"சரி, அடிக்காம அனுப்பு. அங்க யார் படிக்கப் போறா?"

யாரும் படிக்கவில்லை. ஆமை அணியில் சேர்ந்தது.

குழுவில் நான்கு காடுகள். ஒவ்வொன்றுடனும் இருமுறை ஆட வேண்டும். முதல் ஆட்டத்தில் மூங்கில்வனத்து யானைகளிடம் நாவற்காடு ஆறு கோல் வாங்கியது. இரண்டாவதில் பாறைக்குன்று வரையாடுகளிடம் மூன்று. மூன்றாவது, நாணற்சதுப்புடன் கோல் இல்லாத டிரா. ஏனென்றால் தடுப்பாட்டக்காரரான முள்ளம்பன்றி பந்தைத் தலையால் முட்டியது. இருந்த மூன்று பந்துகளும் வெடித்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு புள்ளிக்கு நாவற்காடு விடியவிடியப் பறை அடித்தது. பிறகு யானைகளிடம் ஐந்து. வரையாடுகளிடம் இரண்டு.

"பார்த்தீங்களா? ஆறு, மூணு, அஞ்சு, ரெண்டு. குறையுது" என்றது அணில்.

பயிற்சியாளர் நாரையார் வெளிநாட்டுக்காரர். பருவம் மாறியதும் பறந்துவிடுவார் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் அலகைப் படபடவென்று தட்டி உத்திகளை விளக்குவார். அந்தச் சத்தத்தில் ஆமையின் தலை உள்ளே போய்விடும். இப்படியாக, நாரையாரின் ஓர் உத்திகூட ஆமையை எட்டியதில்லை.

இன்னும் ஓர் ஆட்டம்தான் பாக்கி. நாவற்காட்டுக்கு ஒரு புள்ளி. மூன்றாம் இடத்தில் இருந்த நாணற்சதுப்புக்கு மூன்று புள்ளிகள். முதல் இரண்டு இடங்களுக்கு மட்டுமே அடுத்த சுற்று என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். தேவாங்கு கண்கள் வலிக்க மூன்று நாள் விதிப்புத்தகத்தைப் படித்தது. நாற்பத்தோராம் பக்கத்தில், மிகச் சின்ன எழுத்தில் அது இருந்தது.

மறுநாள் பலகையில் இப்படி எழுதியது: "வாய்ப்பு உண்டு. குழுவில் கடைசி இடம் பெறும் காடு, வளரும் காடுகளுக்கான சிறப்புச் சுற்றுக்கு அனுப்பப்படும். மூன்றாம் இடம் பெறும் காட்டுக்கு எதுவும் இல்லை. நாம் கடைசி ஆட்டத்தில் வென்றால் மூன்றாம் இடம். வெல்லாவிட்டால் கடைசி இடம்."

மரத்தடியில் எல்லோரும் பலகையை இரண்டு முறை படித்தார்கள்.

"அப்போ," என்றது மந்தி அக்கா, "நாம ஜெயிக்காம இருந்தா போதும்?"

"ஆமாக்கா."

"பதினோரு வருஷமா அதைத்தானே பண்றோம்!"

காடே ஆடிப்பாடியது. வேண்டுமென்றே தோற்கும் அணி நீக்கப்படும் என்ற விதி நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்ததைத் தேவாங்கு எடுத்துச் சொன்னது. உடும்பார் உடனே வீரர்களைக் கூப்பிட்டார்.

"யாரும் தோக்கச் சொல்லலை. எப்பவும் போல இயல்பா ஆடுங்க. அது போதும்" என்றார். நாரையாரும் அலகைத் தட்டி அதையே விளக்கினார். ஆமையின் தலை உள்ளே போனது.

ஆட்ட நாள் வந்தது. நாணற்சதுப்பிலும் ஒரு கணக்கர் இருக்கிறார், அவரும் நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்திருக்கிறார் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சதுப்பு நீர்நாய்கள் இந்த ஆட்டத்தில் தோற்றால்தான் அவர்களுக்குக் கடைசி இடம். அவர்கள் தோற்க வேண்டும். நாவற்காடு வெல்லக் கூடாது. நடுவர் மரங்கொத்திக்குச் சந்தேகம் வராதபடி இரு தரப்பும் மூச்சுவாங்க ஓடின. நாவற்காட்டு அணித்தலைவர் காட்டுப்பன்றி பந்தை வானத்தை நோக்கி உதைத்துவிட்டு, "ஐயோ, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. நீர்நாய்கள் அருமையாக வழுக்கி விழுந்தன.

எழுபது நிமிடம் கோல் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. அதனால் ஆமையைப் பயமுறுத்த எதுவும் இல்லை. பார்வையாளர்களும் பதற்றத்தில் வாயை மூடியிருந்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக ஓர் ஆட்டத்தில் இவ்வளவு நேரம் ஆமையின் தலை வெளியே இருந்தது. அது மைதானத்தைப் பார்த்தது. இவ்வளவு புல் இருக்கிறதா என்று வியந்தது.

எழுபத்தோராம் நிமிடத்தில் பந்து உருண்டு வந்து அதன் முன்னால் நின்றது. ஆமை எதிர்முனைக் கோலைப் பார்த்தது. பிறகு பந்தைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கியது.

நீர்நாய்கள் தடுக்கவில்லை, அவர்கள் ஏன் தடுக்க வேண்டும்? நாவற்காட்டு வீரர்களாலும் தடுக்க முடியவில்லை. சொந்த கோல்கீப்பரிடம் பந்தைப் பறித்தால் மரங்கொத்தி அதைக் குறித்துக்கொள்ளும்.

"அண்ணே, திரும்பு!" என்று காடே கத்தியது. ஆமையின் தலை உள்ளே போனது. பந்து நின்றது. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு அமைதியாக இருந்ததால் தலை வெளியே வந்தது. பந்து நகர்ந்தது.

மறுபடியும் கத்தினார்கள். மறுபடியும் உள்ளே. ஆனால் பத்தொன்பது நிமிடம் விடாமல் கத்த எந்தத் தொண்டையாலும் முடியாது. எண்பத்தைந்தாம் நிமிடத்தில் எல்லோருக்கும் குரல் போய்விட்டது.

"தேவாங்கு, இன்னும் கத்தாதது நீ ஒருத்திதான். கத்து. உன் வேலைதானே போகப் போகுது!" என்று அணில் கீச்சுக்குரலில் கெஞ்சியது.

தேவாங்கு வாயைத் திறந்தது. ஆமை நடந்துகொண்டிருந்தது. அதன் கழுத்து அவ்வளவு நீளம் என்று தேவாங்குக்கு அன்றுதான் தெரிந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டது.

தொண்ணூறாம் நிமிடத்தில் ஆமை கோல் வாயை அடைந்தது. "வாங்கண்ணே" என்று மெல்லச் சொன்ன சதுப்பு கோல்கீப்பர், தவறான பக்கம் பிரமாதமாகப் பாய்ந்தார். பந்து உள்ளே போனது. மரங்கொத்தி விசில் ஊதுவதற்கு முன், கரிச்சான் தூரத்திலிருந்து, சத்தம் எட்டாத தொலைவிலிருந்து, ஒரு படம் எடுத்தது.

"என்னப்பா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றது ஆமை.

முதலில் அழுதது மந்தி அக்காதான். ஆனால் அது சோகத்தில் அழவில்லை. பதினொரு ஆண்டுகளாகக் கணக்கில் மட்டும் பார்த்த ஒன்றை நேரில் பார்த்ததால் அழுதது. அடுத்த நொடி காடு கணக்கை மறந்தது. ஆமையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். காட்டுப்பன்றி ஓட்டுக்கு முத்தம் கொடுத்தது.

மறுநாள் காலையில் பலகையில் இரண்டே சொற்கள் இருந்தன: "வாய்ப்பு இல்லை." தேவாங்கு தன் பேனாவைத் துடைத்துப் பையில் வைத்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தது. மூன்றும் நன்றாக இல்லை.

பலகையைப் பார்த்த காட்டுக்குப் போதை தெளிந்தது. வெற்றி ஒரு நாள் வரும், போகும். கணக்கு இல்லாமல் எப்படி வாழ்வது?

உடும்பார் தேவாங்கை அழைத்தார். "அந்த ஆமை படிவத்துல ஒரு குறிப்பு எழுதினியே, இருக்கா?"

"இருக்குங்க ஐயா. முகம் தெரியவில்லைன்னு."

"அப்போ அது தகுதியில்லாத ஆட்டக்காரர். நம்ம வெற்றி செல்லாதுன்னு நாமளே சம்மேளனத்துக்கு ஒரு மனு போடு. வெற்றி ரத்தாச்சுன்னா நமக்குக் கடைசி இடம். உன் வேலையும் நிரந்தரம்."

"ஐயா, விதிப்புத்தகத்துல இன்னொண்ணும் இருக்கு. ஆட்டம் முடிஞ்சு ரெண்டு நாளைக்குள்ள முகம் தெரியுற படத்தைக் குடுத்தா குறை நீங்கிடும். கரிச்சான் எடுத்த படம் என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டும். அதை நீ அனுப்பாத."

தேவாங்கு அன்று சாப்பிடவில்லை. மனுவில் எழுதியது எல்லாம் உண்மைதான். படத்தை வைக்காமல் அனுப்பினால் பாதி உண்மை. படத்தை வைத்தால் ஆமைக்குக் கோல், தனக்கு மரம். கடைசியில் அது படத்தையும் வைத்து, உறையை ஒட்டி, அனுப்பிவிட்டது. வீட்டுக்குப் போக மூட்டையும் கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் சம்மேளனத்திலிருந்து பதில் வந்தது. "படிவத்தில் ஒட்டப்பட்ட படத்தையும் இப்போது அனுப்பப்பட்ட படத்தையும் ஒப்பிட்டோம். முதற்படத்தில் உள்ளவரும் இரண்டாம் படத்தில் உள்ளவரும் ஒருவரே என்று கருத இடமில்லை. முதலாமவருக்குத் தலை இல்லை. எனவே நாவற்காட்டின் வெற்றி ரத்து செய்யப்படுகிறது. உண்மையை மறைக்காமல் இரண்டு படங்களையும் அனுப்பிய கணக்கரைப் பாராட்டுகிறோம்."

நாவற்காடு கடைசி இடத்துக்கு வந்து, சிறப்புச் சுற்றுக்குள் நுழைந்தது. உடும்பார் பாராட்டு வரியைத் தன்னைப் பற்றியதாக எண்ணிச் சட்டம் போட்டு மாட்டினார். தேவாங்கின் வேலை நிரந்தரமானது. அதன் அம்மா, ஏற்கனவே சொன்ன அதே நான்கு மரங்களுக்கு மறுபடியும் சொன்னது.

தேவாங்கு குளக்கரைக்குப் போனது. ஆமை அந்தப் படத்தின் ஒரு பிரதியைப் பாறையில் சாய்த்து வைத்திருந்தது.

"அண்ணே, நாம அடுத்த சுற்றுக்குப் போறோம்."

"என் கோலாலதானே?"

தேவாங்குக்குப் பொய் வராது. "இல்லண்ணே. அந்தக் கோலை ரத்து பண்ணிட்டாங்க."

"அத்தனை பேரும் பார்த்தாங்களேம்மா?"

"பார்த்தாங்க. ஆனா படத்துல இருக்கிறது நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியலையாம்."

ஆமை அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தது.

"எனக்கும் முதல்ல தெரியலைம்மா" என்றது. பிறகு, எந்தச் சத்தமும் கேட்காமலேயே, தலையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

தொலைவில் இலுப்பை மரத்தடியிலிருந்து அணிலின் குரல் கேட்டது. "அடுத்த ஆட்டத்துல நாம ஜெயிக்கணும். மழையும் பெய்யணும்."

நீதி: வாய்மை வென்றால் போதும், கூடவே அணியும் வெல்ல வேண்டும் என்று பேராசைப்படக் கூடாது.