உள்ளடிக் குழுவின் வரலாற்றுச் சாதனை

மனித குலம் நாலு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்ற பிறகு, பாதத்தின் வரலாற்றில் நடந்த மாபெரும் நிகழ்ச்சி எது என்று கேட்டால், கோர்ஸ்கி கோத்தார் மலைப்பக்கத்தில் யாரும் தலையைச் சொறிய மாட்டார்கள். யெலோவாச் ஊர் ‘காட்டுப்பன்றி’ வேட்டைச் சங்கம் உள்ளடிக் குழு அமைத்ததுதான் அது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயரும் அப்படியே. உள்ளடிக் குழுவினரின் பெயர்கள் மட்டும் சங்கக் குடிலில், மான் கொம்புகளுக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் தொங்குகின்றன.

உள்ளடி என்றால் பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் மெத்தை. ‘உள்ளடி வேலை’ என்று வேறு ஒன்றும் உண்டு. குழு அதையும் குறைவில்லாமல் செய்தது.

இதற்கெல்லாம் காரணம் சங்கத்தின் செயலாளர் மிஸ்லாவ் கௌஸ்லாரிச்சின் இடது குதிகால். வன அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் மிஸ்லாவ் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால், தரையில் யாரோ ஆணியை நிமிர்த்தி வைத்திருப்பதுபோல் இருக்கும். நடக்க நடக்க அந்த ஆணி நீளும். வேட்டைக்காரர்களின் காவல் புனிதரான ஹூபெர்ட் நாள் பெருவேட்டையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மலை உச்சியில் ‘ஓநாய்ப்பல்’ என்ற பாறை மிஸ்லாவின் இடம். பாதி ஆயுள் காத்திருந்து வாங்கிய இடம். பெருவேட்டை அன்று தன் இடம்வரை ஏற முடியாதவன் அதை வரிசையில் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். அடுத்தவன் ‘பூஹ்’. அவனுடைய உண்மைப் பெயர் அவனுக்கே மறந்துவிட்டது. பூஹ் என்றால் மரப்பொந்து எலி; அது மாதிரிக் கன்னம் உப்பியிருப்பதால் ஊர் வைத்த பெயர்.

“என்ன செயலாளரே, ஒரு காலைக் கடன் வாங்கின மாதிரி நடக்கறீங்க?” என்று பூஹ் அன்போடு விசாரிப்பான்.

“பூட்ஸ் புதுசு.”

“போன வருஷமும் புதுசாத்தான் இருந்துச்சு.”

வீட்டில் மனைவி பிளாஷெங்கா, பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசிரியை, நேராகவே சொன்னாள்.

“டாக்டர்கிட்ட காட்டு, மிஸ்லாவ்.”

“டாக்டர் யாரு? சங்கத்துப் பொருளாளர். காலையில காட்டினா சாயங்காலம் என் குதிகால் ஊர்வலமே போயிடும்.”

“அப்ப கடையில போய் பூட்ஸுக்குள்ள போட ஏதாவது மெத்தையா வாங்கு.”

“வேட்டைக்காரன் போய் மெத்தை கேக்கறதா? இன்னிக்கு மெத்தை கேட்டா நாளைக்குத் தலகாணி வேணுமான்னு கேப்பானுங்க.”

“கேட்டா அதையும் வாங்கிட்டு வா. தூங்கும்போதாவது முனகாம இருப்ப.”

மிஸ்லாவ் முனகிக்கொண்டே யோசித்தார். ஒருவனுக்கு வலித்தால் அது வெட்கம். சங்கத்தின் நாற்பத்தொரு பேருக்கும் வலித்தால் அது ‘கொள்கை’. இந்த ஞானம் பிறந்ததும் அவர் பேனாவை எடுத்தார்.

‘உறுப்பினர்களின் அடித்தள மேம்பாடு’ என்ற தலைப்பில் அவர் சங்கத்துக்கு வைத்த முன்மொழிவில் குதிகால் என்ற சொல்லே வரவில்லை. தலைவர் மால்னார், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி, அதை இரண்டு தரம் படித்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே மிகவும் பிடித்துவிட்டது. தலைவர், செயலாளர், ‘மாற்றுக் கருத்தின் சார்பில்’ பூஹ் என மூவர் குழு அந்த நிமிடமே உருவானது.

மாதிரிகள் வரவழைக்கப்பட்டன. சனிக்கிழமைதோறும் குடிலில் பரிசோதனை. பன்றி இறைச்சிக் குழம்பும் சோளக்களியும் மேசைக்கு மேலே. குழுவின் ஆறு பாதங்களும் மேசைக்குக் கீழே. உள்ளடிகளை பூட்ஸுக்குள் வைத்து, மூவரும் உட்கார்ந்தபடியே மணிக்கணக்கில் தீவிரமாகச் சோதித்தார்கள். நடந்து பார்ப்பது நடுநிலையைக் கெடுக்கும் என்று தலைவர் கருதினார். பழைய உள்ளடியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, “பழையவரை மரியாதையா வழியனுப்பற வரைக்கும் ரெண்டும் இருக்கட்டும்” என்று தீர்ப்பளித்தார். தலைவரின் கால் பூட்ஸிலிருந்து வெளியே வர அன்று இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

முதலில் கார்க்கு. “பாட்டில்ல இருக்க வேண்டியது பாதத்துல என்ன பண்ணுது?” என்று பூஹ் அறநெறி அடிப்படையில் எதிர்த்தான். நிராகரிக்கப்பட்டது.

அடுத்தது கூழ் நிரப்பியது. மிஸ்லாவுக்கு அதில் உயிரே வந்தது. ஆனால் அழுத்தினால் ‘புளிச்’ என்றது.

“பன்றி கேட்டா என்ன நினைக்கும்?” என்றார் தலைவர்.

“இன்னொரு பன்றி வருதுன்னு நினைக்கும்” என்றான் பூஹ். தலைவர் இதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொண்டதால் அதுவும் போயிற்று.

கடைசியாக, ‘மெமரி ஃபோம்’ எனப்படும் நினைவாற்றல் உள்ள நுரை.

“நினைவாற்றலா? எதை நினைவு வெச்சுக்கும்?”

“நம்ம பாதத்த, தலைவரே. எங்க அழுத்தினோம், எப்படி மிதிச்சோம்னு அப்படியே ஞாபகம் வெச்சுக்குமாம்” என்றார் மிஸ்லாவ் ஆசையோடு.

பூஹின் கன்னம் வற்றிப்போனது. “போன மார்கழியில பக்கத்துச் சங்கத்து எல்லைக்குள்ள போய் அந்த மான் கிடாவைச் சுட்டோமே, அதையுமா?”

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார். “சாட்சி சொல்லக்கூடிய எதையும் இந்தச் சங்கம் காலுக்குக் கீழே வெச்சுக்காது” என்றார் தலைவர். நினைவு நுரை, ரகசியக் காப்பு கருதி, ஒருமனதாகத் தள்ளப்பட்டது.

இப்படி எல்லாவற்றையும் வெற்றிகரமாக நிராகரித்த பிறகு, எது வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிட்டது. மிஸ்லாவ் அதை அழகாக எழுதினார்: ‘வேட்டைக்காரனின் பூட்ஸுக்குள், பாதத்தின் அடியில் வைப்பதற்கு: மெல்லியது, மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சுவது, நகராதது, சத்தம் போடாதது, நீண்ட நாள் முழுதும் தாங்குவது.’

தலைவர் சிவப்பு மையால் திருத்தினார். ‘வேட்டைக்காரன்’, ‘பாதம்’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவது கௌரவக் குறைவு. பாதம் அடிபட்டது. பூட்ஸ் இருந்தால் பாதம் இருப்பது வெளியே தெரிந்துவிடும். பூட்ஸும் அடிபட்டது. மிஞ்சியது பண்புகளும் ஒரு பெயர்ச்சொல்லும்: ‘உலோஷ்சி’. உள்ளே வைப்பது என்று பொருள். பூட்ஸுக்குள் வைப்பதற்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்; பெண்கள் மாதத்தில் நாலைந்து நாள் வைத்துக்கொள்வதற்கும் அதுவேதான் பெயர். மொழி சிக்கனமானது. தலைவர் அதைவிடச் சிக்கனமானவர்.

ரியேக்கா நகரில் கட்டுத்துணி முதல் ஊன்றுகோல் வரை விற்கும் மொத்த வியாபாரக் கடைக்கு மிஸ்லாவ் போன் போட்டார். குழு முழுதும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

“உலோஷ்சி வேணும்மா. மெல்லிசா, மிருதுவா, ஈரத்த நல்லா உறிஞ்சணும். நகரக் கூடாது.”

“இருக்கு சார்” என்றது ஒரு பெண் குரல். “பகலுக்கா, ராத்திரிக்கா?”

மிஸ்லாவ் தலைவரைப் பார்த்தார். “ரெண்டுக்கும்னு சொல்லு. நிலா வெளிச்சத்துல பரண்ல காத்திருக்கறது இல்லையா?” என்றார் தலைவர்.

“ரெண்டுக்கும்.”

“சாதாரணமா, அதிகப்படியா?”

“எங்க ஆளுங்க எல்லாம் கனமானவங்கதான். அதிகப்படியே குடுங்க.”

“சிறகு வெச்சதா, வெக்காததா?”

மிஸ்லாவின் நெஞ்சில் எங்கோ ஒரு மணி அடித்தது. பிளாஷெங்காவின் கடைச் சீட்டில் இந்தச் சிறகை எங்கோ பார்த்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் தலைவர் போனைப் பிடுங்கினார்.

“சிறகு எல்லாம் காட்டுக்கோழி சுடறவனுங்களுக்கு! நாங்க பன்றிக்காரங்க!”

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. “எத்தனை பேருக்கு சார்?”

“நாப்பத்தொரு ஆம்பளைங்க.”

மறுமுனையில் பேனா கீழே விழுந்தது. “சரி சார். அனுப்பி வெக்கறோம். தைரியமா இருங்க.”

“என்ன மரியாதை பார்த்தியா?” என்றார் தலைவர்.

பெட்டிகள் பெருவேட்டை அன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. நாற்பத்தொரு பேரும் காலுறையோடு குடிலில் காத்திருந்தார்கள். தலைவர் வேட்டைக் கத்தியால் பெட்டியைக் கீறினார். உள்ளே இளஞ்சிவப்புப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமந்திப் பூப் படம். ஒன்றைப் பிரித்து, விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் காது பூட்ஸ் தோல் நிறத்துக்கு மாறியது.

அங்கிருந்த ஒவ்வொருவனுக்கும் அம்மா இருந்தாள், முக்கால்வாசிப் பேருக்கு மனைவி இருந்தாள், பலருக்கு மகள்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். தெரியும் என்று சொல்லத்தான் யாருக்கும் தெரியவில்லை.

“குழு தீர்மானிச்சது இதுதானே, செயலாளரே?”

மிஸ்லாவ் ஜன்னல் வழியே ஓநாய்ப்பல்லைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பெட்டி திரும்பிப் போகும். குதிகால் பாதி வழியில் உட்காரும். பாறையில் பூஹ் உட்காருவான்.

“இதேதான், தலைவரே. தீர்மானத்துல சொன்ன எல்லாப் பண்பும் இருக்கு.”

“எங்க வீட்டுக் குளியலறை அலமாரியில இதே மாதிரி…” என்று பூஹ் ஆரம்பித்தான். நாற்பது தலைகள் திரும்பின. “…ஒரு சோப்பு இருக்கு. வாசனை இதே வாசனை.”

“பசை எந்தப் பக்கம்?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“காகிதத்த உரிச்சுட்டு கீழ்ப்பக்கமா ஒட்டணும்” என்றார் தலைவர் சட்டென்று. பிறகு தொண்டையைக் கனைத்தார். “சுங்கத்துல இருந்தப்ப பார்த்திருக்கேன்.”

பொட்டலங்கள் பிரியும் சரசரப்பில் குடில் சிறிது நேரம் பக்தியோடு குனிந்திருந்தது.

நடந்தது அதிசயம்தான். பழுத்த இலைகளுக்குக் கீழே சேறும் பனியுமாகக் கிடந்த அந்த மலையில், ஒரு பாதமும் நனையவில்லை, ஒரு பூட்ஸும் முனகவில்லை. மிஸ்லாவ் குதிகாலுக்கு மட்டும் இரண்டாக மடித்து வைத்திருந்தார். மேகத்தின் மேல் மிதிப்பதுபோல் ஏறினார். ஆணி இருந்த இடமே தெரியவில்லை. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, பூஹ் கீழே மரத்தடியில் உப்பிய கன்னத்தோடு நின்றான். மாலையில் பன்றிகளைத் தேவதாரு இலைகள்மேல் வரிசையாகக் கிடத்தி, கொம்பு ஊதி, தலைவர் உரையாற்றினார்: “இன்னிக்குத்தான் நம்ம சங்கம் தன் சொந்தக் கால்ல நின்னுச்சு!”

புகழ் பரவியது. பக்கத்துச் சங்கங்கள் தூது அனுப்பின. குழு அந்தப் பொருளுக்கு ‘யெலோவாச் வகை ஆண்மை உள்ளடி’ என்று பெயர் சூட்டி, மிச்சப் பெட்டிகளைத் துப்பாக்கி அறையில் வைத்துப் பூட்டியது.

பிளாஷெங்கா மட்டும், அடுப்பருகே காய வைத்திருந்த பூட்ஸுக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தனை பெட்டி மிச்சம் இருக்கு?”

“அது சங்கச் சொத்து.”

“எங்க ஸ்கூல்ல மாசாமாசம் சில பொண்ணுங்க விளையாட வராம கழிவறையில உக்காந்திருக்குதுங்க, மிஸ்லாவ். பழைய துணியச் சுருட்டி வெச்சுக்கிட்டு. சிலது வீட்டுல வாங்கித் தரதில்ல, சிலது வாயத் திறந்து கேக்கறதில்ல. சங்கத்துல கேட்டு ரெண்டு பெட்டி வாங்கிக் குடு.”

“என்னன்னு சொல்லிக் கேக்கறது?”

“அது என்னவோ அதச் சொல்லிக் கேளு.”

“அதச் சொன்னா, நாங்க எது மேல நின்னோம்னும் சொன்ன மாதிரி ஆயிடுமே!”

“ஆகட்டுமே. என்ன ஆயிடும்?”

மிஸ்லாவ் பூட்ஸை எடுத்து அடுப்புக்கு இன்னும் பக்கத்தில் வைத்தார். ஆகவே அவளே பள்ளிக்கூடத்தின் பெயரில் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ‘உலோஷ்சி’ என்ற அந்த ஒரே சொல்லை எழுதி, எதற்கு என்பதையும் வெட்டாமல் எழுதினாள்.

அவசரப் பொதுக்குழு கூடியது. வாசல்வரை வந்த பிளாஷெங்காவை, பெண்கள் கூட்டத்தில் அமரும் வழக்கம் இல்லாததால், நிலைப்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். விண்ணப்பத்தைத் தலைவர் வாய்விட்டுப் படிக்க மறுத்தார். பெரியவர்கள் இருக்கும் சபை அல்லவா? காகிதம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருவனும் அதைப் படித்தான். ஒவ்வொருவனும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

“பதில எழுதிப் படிங்க, செயலாளரே” என்றார் தலைவர்.

பேனா காகிதத்துக்கு மேல் சற்று நின்றது. உள்ளதை எழுதினால் துப்பாக்கி அறை திறக்கும். கூடவே உள்ளடிக் குழு, தீர்மானம், ஓநாய்ப்பல் எல்லாமே ஊர்ச் சிரிப்பில் போய்விடும். அவர் எழுதினார். எழுந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி, நாற்பது பேரின் சார்பிலும் தன் சார்பிலும் தெளிவான குரலில் வாசித்தார்:

“தாங்கள் குறிப்பிடும் பொருளை இச்சங்கத்தின் ஆண்கள் இதுவரை கண்டதில்லை, தொட்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் இல்லை.”

பிளாஷெங்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பூட்ஸைப் பார்த்தாள். மிஸ்லாவ் இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு, நிமிர்ந்து, அவள் படியிறங்கிப் போகும்வரை நின்றார். அவருக்கு வலிக்கவே இல்லை.