பெண் பார்க்க வந்தவர்கள் பாட்டில் திறந்த கதை

புதிதாக ஓவன் வாங்கிய ஆணை வீட்டு விசேஷத்தின் பக்கம் விடக் கூடாது. முதல் வாரம் ஒரு கேக் செய்வான். வீட்டில் இருப்பவர்கள் பாவம் பார்த்துப் பாராட்டுவார்கள். அடுத்த வாரமே உலகத்தில் வேறு யாருக்கும் சமைக்கத் தெரியாது என்று அவனுக்குத் தோன்றத் தொடங்கிவிடும். எனக்கு அப்படித் தோன்றத் தொடங்கிய சமயத்தில்தான், என் தங்கை கவிதாவைப் பெண் பார்க்க வருவதாக ஒக்கலிபுரத்திலிருந்து தகவல் வந்தது.

அப்போது ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். சுரங்கத்தை மூடியபின் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அதாவது, ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவன் எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்பான் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். (இதைத் தெரிந்துகொண்டு மேலே படித்தால் என் மேல் உள்ள மரியாதை போய்விடும். பரவாயில்லை, வீட்டில் அது போய் ரொம்ப நாளாகிறது.)

கவிதாவை அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவையும் கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், "போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள். போன் வரவில்லை. இந்த முறை அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பையனோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

"மொத மொதல்ல வர்றவங்க கிட்ட அதெல்லாம் எப்டிம்மா கேக்கறது?" என்றார் அப்பா.

"அப்போ நான் எப்டிப்பா முடிவு பண்றது? அவர் பஜ்ஜி சாப்பிடற அழகைப் பார்த்தா?"

வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. நான் இதில் தலையிடவில்லை. ஏனென்றால் எனக்கு உண்மையான காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு சம்பந்தமும் தட்டிப்போனதற்குக் காரணம் கேசரி.

"இந்த வாட்டி நான் பைனாப்பிள் க்ரம்பிள் பண்றேன்," என்று அறிவித்தேன்.

"கம்ப்ளெயிண்டா? யார் மேலடா?" என்றாள் அம்மா.

விளக்கினேன். அன்னாசிப்பழத்தைச் சர்க்கரையோடு வதக்கி, சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே மைதாவும் வெண்ணெயும் பிசிறிய உதிரியைத் தூவி, ஓவனில் சுட்டு எடுப்பது. ஆளுக்கு ஒரு பாட்டில்.

"பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாட்டிலா?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "வெளில யார் கிட்டயும் இப்டி சொல்லி வெக்காதடா."

முதல் நாள் மதியமே வேலையை ஆரம்பித்தேன். என் ஓவனில் நான்கு பாட்டிலுக்கு மேல் நிற்காது. ஈடு ஈடாகச் சுட்டேன். வீடு முழுக்க வாசனை. கவிதாகூட எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கும் போல," என்றாள். பாட்டில்கள் நன்றாக ஆறிய பிறகுதான் மூட வேண்டும் என்று நான் செய்முறை பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். நான் அதை இரட்டை வேகத்தில் பார்த்ததால் அந்த வாக்கியம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. தவிர எங்கள் சமையலறை எறும்புகளும் வாசனை பிடித்து வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. எனவே ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, துண்டால் பிடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒவ்வொரு தகர மூடியையும் திருகினேன். கொஞ்சம் ஆறியதும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் அடுக்கினேன்.

காலையில் பார்த்தால் எல்லா மூடிகளும் நடுவில் லேசாகக் குழிந்து உள்வாங்கியிருந்தன. பார்க்க அழகாக இருந்தது. டிசைன் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சதீஷ், அவருடைய அம்மா, அப்பா. அந்த அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சலவை வேட்டி, கட்டை விரல் தடிமனில் மீசை. நலம் விசாரித்து, வெயில் பற்றிப் பேசி, பேச்சு நின்றதும் நான் தட்டோடு நுழைந்தேன். ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் சணல் கயிற்றில் ஒரு முடிச்சு, அதில் ஒரு சின்ன ஸ்பூன்.

"அழகா இருக்குப்பா," என்றார் சதீஷின் அம்மா. என் வாழ்க்கையின் வெற்றி அந்த இடத்தோடு முடிந்தது.

சதீஷ் இரண்டு விரலால் மூடியைத் திருப்பினார். பிறகு கையால் திருப்பினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். முகம் சிவந்தது. அவருடைய அப்பா, "குடுடா இப்டி," என்று வாங்கினார். அவருக்கும் வரவில்லை. தன் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"தம்பி, இதுல ஏதாவது லாக் இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லைங்க, சாதா மூடிதான்," என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாற்பது வருஷம் ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டியவரிடம் அது சாதா மூடி என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டைக் கையை மடித்தார்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. "நான் பாக்கறேன் சார்," என்று ஒன்றை எடுத்தார். பாறையைக் குடைந்த கை. மூடி அசையவில்லை. அவர் முகம் மாறியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெண் பார்க்கும் வைபவம் என்று சொல்ல முடியாது. ரப்பர் கையுறை வந்தது. மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகினார்கள், கதவுதான் முனகியது. பாட்டிலின் அடிப்புறத்தில் தட்டினார்கள். தரையில் தட்டினார்கள். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டிலிருந்து ஓனர் நஞ்சுண்டப்பா மேலே வந்தார்.

"ஏனப்பா இது, கோடெ ஒடீதிதீரா?" என்றார். சுவரையா இடிக்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டவர், விஷயம் புரிந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "ஒந்து கொடி இல்லி," என்று தனக்கும் ஒரு பாட்டிலைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கவிதா காபித் தட்டோடு வந்து நின்றபோது கூடத்தில் அவளைப் பார்க்க ஆள் இல்லை. மாப்பிள்ளையின் அப்பா தரையில் உட்கார்ந்து இரண்டு பாதத்துக்கும் நடுவில் பாட்டிலை இடுக்கியிருந்தார். எதிரே எங்கள் அப்பா இரண்டு கையாலும் மூடியைப் பிடித்திருந்தார். நஞ்சுண்டப்பா பின்னாலிருந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்திருந்தார்.

"இழுக்காதீங்க, திருப்புங்க சம்பந்தி, திருப்புங்க," என்று கத்தினார் மாப்பிள்ளையின் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். சதீஷின் அம்மா கூரையைப் பார்த்தார். சொன்னவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. கேட்ட அப்பாவும், "திருப்பறேன் சம்பந்தி," என்று மூச்சு வாங்கினார்.

எனக்கு அப்போதுதான் அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. "வெந்நீர்ல வச்சா மூடி விரிஞ்சுடும்," என்றேன். கொதிக்கக் கொதிக்க ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து, ஃப்ரிட்ஜிலிருந்து புதிதாக எடுத்த ஒரு பாட்டிலை அதில் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம்.

"விட்டுக் குடுத்துடுச்சு," என்று ஆவலாகச் சாய்ந்தார் மாப்பிள்ளையின் அப்பா. நான் பாட்டிலைத் துண்டால் பிடித்து அவர் பக்கமாகத் தூக்கினேன். பாட்டிலின் அடிப்பாகம் வட்டமாக, சுத்தமாக வெந்நீரிலேயே தங்கிவிட்டது. உள்ளே இருந்த அன்னாசிப்பழம் மொத்தமும் ஒரே கட்டியாக அவர் மடியில் இறங்கியது. என் கையில் அடியில்லாத பாட்டில். அதன் மூடி மட்டும் இம்மி அசையவில்லை.

சலவை வேட்டியில் மஞ்சள் பாகு மெதுவாகப் பரவியது. மூன்றாவது சம்பந்தமும் போயிற்று, இந்தத் தடவை கேசரியின் மேல் பழி போட முடியாது என்று நினைத்துக்கொண்டேன். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பினால், அவள் அங்கே இல்லை. சதீஷும் இல்லை.

இருவரும் சமையலறையில் மேடையில் சாய்ந்து நின்று, ஒரே பாட்டிலிலிருந்து ஆளுக்கொரு ஸ்பூனால் க்ரம்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்களோ தெரியாது.

"எப்டிம்மா திறந்தே?" என்றார் அப்பா, உடைந்த குரலில்.

"ஸ்பூன் காம்பை மூடிக்குக் கீழே விட்டு லேசா தூக்கினேன்ப்பா. 'புஸ்'னு காத்து போச்சு. அப்புறம் ஈஸியா வந்துடுச்சு."

நான் சதீஷிடம், "டேஸ்ட் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். (அந்த நேரத்திலும் கேட்டேன்.)

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்தார். "பழம் நல்லா இருக்குங்க. மேல இருக்கறதுதான் ஊறிப்போய் களி மாதிரி ஆயிடுச்சு."

அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் கவிதா ஸ்பூனை நீட்டினாள். அவர் வாங்க மறுத்துவிட்டார். "வேணாம்மா. இத நான் கையாலயே திறக்கறேன்," என்று ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போனார். இம்முறை அவர்கள் "போன் பண்றோம்" என்று சொல்லவில்லை. படியிறங்கும்போது சதீஷின் அம்மா, "அடுத்த வாட்டி கேசரி போதும்ங்க," என்று என் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அடுத்த வாட்டி என்ற வார்த்தையைக் கேட்டு அம்மா அழுதுவிட்டாள்.

கல்யாணம் ஆகி இப்போது கவிதாவுக்கு ஒரு பெண் குழந்தை. அந்தப் பாட்டில் ஒக்கலிபுரத்தில் ஷோகேஸில் இருக்கிறது. யாரும் ஸ்பூனோடு அதன் பக்கம் போகக் கூடாது என்பது அவள் மாமனாரின் உத்தரவு. பொங்கலுக்கு எங்கள் அப்பா போகும்போதெல்லாம் இருவரும் ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள்.

போன மாதம் கவிதா வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டுக்கொண்டது. ஆள் வந்து ஒரு மணி நேரம் போராடியும் திறக்கவில்லை. மாப்பிள்ளை எனக்குப் போன் செய்து, சிரிக்காமல் கேட்டார்: "மச்சான், கடைசியா வந்தப்போ இதை நீங்களா மூடினீங்க?"