மாதாவுக்கு ஒரு மொட்டை

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
ஆகஸ்டு 2016

அன்பிற்குரிய மைத்துனர் ஆரோக்கியராஜுக்கு, உங்கள் அக்காள் புருஷன் அந்தோணிசாமி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். முதல் வரியில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். மீதியைக் கீழே படியுங்கள்.

போன வருஷம் என் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசியும் மாத்திரையும் கேட்டு, ரத்தத்தில் பார்க்கும் அளவு மளமளவென்று இறங்கியதும், உங்கள் அக்காள் லூர்துமேரி பொறுக்காமல் ‘சுகம் பெற்ற அந்தோணிசாமிக்காக’ என்று நன்றிப் பூசை வைத்து, பங்குச் சனம் முழுவதற்கும் பிரியாணி போட்டாள். வளவனூரிலிருந்து வந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர் நீங்கள், மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மருந்து ஆண் ஹார்மோனை அடக்குவதாம். அதனால் எனக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், சீரியலில் மாமியார் திட்டினால் எனக்குக் கண்ணீர் வரும். உங்கள் அக்காள் விசிறிக்கொண்டே, “எனக்குத் தீட்டு நின்னப்பவும் இப்படித்தான் எரிஞ்சுது. அப்ப நீங்க ஃபேனை உங்க பக்கம் திருப்பிக்கினு தூங்குனீங்க” என்றாள். விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது அந்த அளவு மறுபடி ஏறுகிறது. பழைய பஸ் டெப்போ சிநேகிதரைப் பார்க்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குத் தனியாகப் போனேன். அங்கே எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். நோய் செல்லுக்குள் ஹார்மோன் வந்து பிடிக்க ஓர் ஏற்பி இருக்கிறதாம், பூட்டும் சாவியும் மாதிரி. நாம் சாவியை ஒளித்து வைத்தோம். ஏற்பியோ உருமாறி, சாவித் துவாரமே இல்லாமல் தானாக வேலை செய்கிறதாம், இனி இந்த மாத்திரை கேட்காதாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சாவி தொலைந்த டவுன் பஸ்ஸை ஒயரைச் சேர்த்தே ஓட்டியவன் நான். கீமோ போட வேண்டும், தலைமுடி கொட்டும் என்றார்.

மச்சான், சாவுக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கே சோறு போட்டவளிடம் இதை எந்த வாயால் சொல்வேன்? பிரியாணி பரிமாறியபோது அவள் சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஆகவே நீங்கள் ஓர் உதவி செய்யுங்கள். எனக்குச் சுகமானால் வேளாங்கண்ணியில் எனக்கு மொட்டை போடுவதாகப் போன வருஷமே நீங்கள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாக அக்காளுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். மொட்டைத் தலையில் முடி கொட்டுவது யாருக்குத் தெரியப்போகிறது? ஊசி போடும் நாள்களில் உங்கள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். இந்தப் பொய்க்கான பாவசங்கீர்த்தனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மகள் ஜோஸ்வினுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அந்தோணிசாமி

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை தேடிப் போனால், உங்கள் அக்காள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். வேளாங்கண்ணிக்காம். நான் போய் வந்த அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளாம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “மொட்டை எனக்கும் சேத்து நேந்துக்கினேன். நீங்க மட்டும் மொட்டையா திரிஞ்சா ஊரு கேக்கும். ரெண்டு பேரா போனா பொருத்தனைன்னு வுட்டுடும்.”

நான் அழுதேன். ஹார்மோன் ஊசியால்தான் என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு யாரும் ஊசி போடவில்லை, மச்சான்.