அம்சவேணி குரல் கொடுத்தாள்

லேப்டாப்பில் தேடல் முடிவுகளின் அடியில் இருந்த எண்ணைக் குழலி மறுபடியும் இலக்கம் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தாள். லட்சத்தில்தான் இருந்தது.

“கொறஞ்சிருக்குதாடி?” என்று அடுப்படியிலிருந்து அம்மா அம்சவேணி கேட்டாள்.

“அது இன்னா காய்ச்சலாம்மா, கொறையறதுக்கு?”

ஏலவார்குழலி பெங்களூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆபீசில் தரையைப் பெயர்த்துப் புதுசு போடுகிறார்கள் என்று ஒரு வாரம் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வந்து இறங்கிப் பையைக்கூடத் திறக்கவில்லை, மேனேஜர் பிரியதர்ஷினி மேடத்திடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது.

‘குழலி, நம்ம புது சர்ச் பக்கத்துல எரர்னு போட்டுத் தேடிப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்லு.’

அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

புது சர்ச் பக்கம் என்பது கம்பெனி புதிதாகச் செய்திருந்த தேடல் பக்கம்; ஊரில் பாதிப் போன்கள் எதை வைத்து ஓடுகின்றனவோ அந்த இயங்குதளத்தின் மொத்த நிரலையும் உள்ளே வைத்துக்கொண்டு, எந்த வார்த்தையைக் கேட்டாலும் அது வருகிற இடத்தையெல்லாம் எடுத்துக் காட்டுவது. நிரலில் ரகசியம் ஒன்றும் இல்லை. லிங்க் இருந்தால் யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் அதில் போய் எரர் என்று தேடுவது, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘இங்க பட்டுப்புடவைக் கடை எங்க இருக்குது’ என்று கேட்பது மாதிரி.

எதைச் சொல்வது? எல்லாவற்றையும் படித்து, ஒவ்வொன்றிலும் என்ன ஆச்சு என்றா?

‘மேடம், எல்லாத்தையுமா?’ என்று டைப் செய்தாள். அழித்தாள். ‘மேடம், எதை?’ என்று டைப் செய்தாள். அதையும் அழித்துவிட்டு, ‘ஷ்யூர் மேடம்’ என்று அனுப்பினாள்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் கூடச் சேர்ந்த விஷால் ஓயாமல் சந்தேகம் கேட்டான். ‘நீங்க தானா யோசிக்கக் கத்துக்கணும்’ என்று அன்பாகச் சொல்லி, அதைவிட அன்பாக அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு குழலி வாயைத் திறக்கவில்லை. ஆபீஸ் வேறு மாடிக்கு மாறியபோது பாத்ரூம் எங்கே என்றுகூட யாரையும் கேட்காமல், ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்து, ஒரு டைரக்டரின் மீட்டிங்குக்குள் நுழைந்து வெளியே வந்தாள்.

வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமைதான் சொல்லப்போகிறார்கள். அம்மாவோ நிரந்தரமாகிவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அன்று முழுக்கப் படித்தாள். சாயங்காலம் வரை ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும் ஃபைல்களையே தாண்டவில்லை. யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ ஒரு சவுண்டு கார்டுக்கு எழுதி வைத்த வரிகளைப் படித்தபோது, அந்த ஆளுக்கும் வேலை நிரந்தரமாயிருக்குமா என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. ஒவ்வொன்றாகத் திறப்பதற்குப் பதில் மொத்தத்தையும் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டால் என்ன?

இறக்கினாள். லேப்டாப்புக்குள் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அப்பா மாணிக்கவாசகம் தறியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“இன்னாம்மா, மிக்சி போட்டுக்கினு இருக்கியா?”

“இல்லப்பா. கம்ப்யூட்டர்.”

“அதுல இன்னா அரைக்கிற?”

பதில் சொல்வதற்குள் திரை கறுத்தது. பிறகு ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சோறு ஆக்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது.

“உள்ள எடம் இல்லாம ரொம்பிடுச்சிம்மா” என்றாள் குழலி.

“எடம் இல்லன்னா காலி பண்ணணும். எதுத்த வூட்டு ஆனந்தகுமாரைக் கூப்புடு. அவன் கம்ப்யூட்டர்லயேதானே பொழைக்கிறான்.”

ஆனந்தகுமார் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டரில் மயிலும் யானையும் வரைந்து கொடுப்பான். வந்து உட்கார்ந்தான். குழலி காபி எடுத்து வருவதற்குள் வட்டம் நின்று திரை பளிச்சென்று வந்துவிட்டது.

“அண்ணா, எப்படிண்ணா பண்ணீங்க?”

“பெருசா ஒண்ணு அடைச்சிக்கினு இருந்துச்சி. தூக்கிட்டேன்.”

“நான் இறக்கினதா?”

“அது இல்ல. அது வேலைக்கு வேணுமேன்னு வுட்டுட்டேன். உங்க கம்பெனி பேரு போட்டு ஒண்ணு சும்மா கெடந்துச்சி பாரு, அது.”

குழலி காபியைக் கீழே வைத்தாள். அந்த சாஃப்ட்வேர்தான் ஆபீசுக்குள் நுழைகிற வழி. அது இல்லாமல் லேப்டாப்பில் ஆபீசுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்ல முடியாது. திரும்பப் போடவேண்டும் என்றால் மேடத்திடம் கேட்கவேண்டும். கேட்பதற்குப் பதில் அவள் வேலையையே விட்டுவிடலாம்.

“போன்ல அந்தப் பக்கம் தெறக்குது இல்ல?” என்றான் ஆனந்தகுமார். அவள் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருந்தது. “இம்மாத்தையும் ஒரே ஆளு படிக்கிறதா? நல்லா இருக்குதே கதை. தெருவே ஒக்காந்தாதான் முடியும்.”

அவன் சும்மாதான் சொன்னான். ஆனால் அம்சவேணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நாளைக்குக் காலையில நம்ம பாவு நீட்டுறோமே. தெருவேதானே வரப்போவுது.”

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் புடவையின் நெடுக்கு இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அதற்கு ஒரு வீட்டு ஆட்கள் போதாது. அதனால் யார் வீட்டுப் பாவு என்றாலும் விடிந்ததும் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிடும். கூலி கிடையாது, காபி உண்டு. நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போவார்கள்.

“அம்மா, இது ஆபீஸ் வேலைம்மா. தெருவுக்கெல்லாம் குடுக்கக் கூடாது.”

“ரகசியம் ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன?”

“அது இல்லம்மா…”

“வேற இன்னா? எல்லார்கிட்டயும் போன் இருக்குது. காபி எப்படியும் போடத்தான் போறேன்.”

இன்னும் இரண்டு நாளில் வெள்ளிக்கிழமை. குழலியால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியவில்லை. யாரிடமும் எதையும் சொல்ல முடியாததுதான் அவள் பிரச்சினையே.

விடிந்தபோது தெருவின் இரண்டு கோடியிலும் கட்டைகள் நட்டிருந்தன. நடுவில் அரக்குச் சிவப்பில் பாவு தொங்கியது. ஒரு கையில் பாவும் மறுகையில் போனுமாக இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். குழலி வரிசையின் ஓரமாக ஓடி ஓடி, லிங்கை அனுப்பி, யார் எந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

“குழலி, எரர்னு கண்டா இன்னாடி பண்ணணும்? அழிச்சிடணுமா?” என்றாள் அடுத்த வீட்டுக் கலையரசி.

“அழிக்க முடியாதுக்கா. படிச்சாப் போதும். தப்பு வந்தா இன்னா செய்யணும்னு எழுதி வெச்சிருக்காங்க.”

“அப்ப அது தப்பு இல்லையா?”

“தப்பு இல்லக்கா.”

“தப்பே இல்லாததுக்கா காலையில எழுப்பி வுட்ட?”

கோடி வீட்டு ராமராஜன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் போனும் இதுலதான் ஓடுதா?”

“ஆமா மாமா.”

“அதான் சார்ஜே நிக்க மாட்டேங்குது. லட்சக்கணக்குல வெச்சிருக்கான் பாரு.”

ஆளாளுக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவருக்குத் திறந்தது, ஒருவருக்குத் திறக்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே பாவைத் தளரவிட்டார். அது தரையைத் தொடப்போனது. அம்சவேணிக்கு அது பொறுக்கவில்லை.

“ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா அறுந்துடும்னு தெரியாதா? எல்லாரும் ஒண்ணாத்தான் தட்டணும். நான் குரல் குடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது.”

“அம்மா, பாவுக்குத்தான்மா அது. இதுக்கு வேணாம்மா.”

“நீ சும்மா இருடி. எத்தினி பாவு பாத்திருக்கேன்.”

அம்சவேணியின் குரல் அந்தத் தெருவில் பேர் போனது. அவள் மேல்கோடியில் நின்று குரல் கொடுத்தால் கீழ்க்கோடியில் பாவு நிமிரும்.

“ஓ… ஹோய்!”

பாவு விறைத்தது. அதே நொடியில் அத்தனை கட்டைவிரல்களும் போனில் விழுந்தன.

“சுத்துது” என்றாள் கலையரசி.

“எனக்கும் சுத்துது.”

“எனக்கு வெள்ளையா வருது.”

“வுடாத” என்றாள் அம்சவேணி. “மறுபடியும். ஓ… ஹோய்!”

மறுபடியும் தட்டினார்கள். மறுபடியும் சுற்றியது. ஒவ்வொரு குரலுக்கும் பாவு அழகாக நிமிர்ந்தது, பக்கம் மட்டும் திறக்கவில்லை.

“ஆளு பத்தல போலக்குது” என்றாள் கலையரசி. “எங்க நாத்தனாருக்கு லிங்கு அனுப்பிட்டேன். அவங்க தெருவுல இன்னிக்குப் பாவு இல்ல, சும்மாதான் ஒக்காந்துக்கினு இருக்காங்க. இந்தா, லைன்ல இருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன், நீ குரல் குடு.”

“அக்கா, வேணாங்க்கா” என்று குழலி ஓடி வருவதற்குள் அம்சவேணி போனைப் பார்த்து மூச்சை இழுத்துவிட்டாள். இந்த முறை இரண்டு தெருவும் சேர்ந்து தட்டின.

பக்கம் போயே போய்விட்டது. சுற்றவும் இல்லை.

குழலியின் போன் அதிர ஆரம்பித்தது. ஆபீஸ் குரூப்.

‘சர்ச் டவுன்.’

‘யாரோ அடிக்கிறாங்க.’

‘அட்டாக்கா?’

‘அட்டாக்தான். எல்லாம் ஒரே செகண்டுல வருது. அப்புறம் நிறுத்துறான். அப்புறம் மறுபடி. நல்லா ட்ரெய்னிங் எடுத்த கும்பல்.’

‘எங்கேர்ந்து?’

‘நம்ப மாட்டீங்க. காஞ்சிபுரம்னு காட்டுது.’

குழலி போனை அணைத்தாள். அணைத்தது போதாது என்று கஞ்சிக் குண்டானுக்குப் பின்னால் வைத்தாள். அதுவும் போதாது என்று, அங்கிருந்து எடுத்து அப்பாவின் சட்டைப்பையில் போட்டாள்.

“இன்னாம்மா ஆச்சி?” என்றார் மாணிக்கவாசகம்.

“வேலை போச்சிப்பா.”

“முடிஞ்சிடுச்சா? அதுக்குள்ளயா?”

அவள் பதில் சொல்வதற்குள் அம்மாவின் போன் அடித்தது. வேலைக்குச் சேரும்போது அவசரத்துக்கு என்று ஆபீசில் கொடுத்திருந்த நம்பர் அது. அம்சவேணியின் கையெல்லாம் கஞ்சி. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

“குழலி அம்மாங்களா? நான் பிரியதர்ஷினி, ஆபீஸ்லேர்ந்து. குழலி போன் போகல. பக்கத்துல இருக்காளா?”

“இருக்காம்மா, இருக்கா” என்றாள் அம்சவேணி பூரிப்பாக. “நீங்க குடுத்த வேலையத்தான் காலையிலேர்ந்து தெருவே பாத்துக்கினு இருக்குது.”

குழலி போனை நோக்கிக் குனிந்தாள். ஆறு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. “மேடம், நான்தான் மேடம். அட்டாக் இல்ல மேடம், எங்க தெரு மேடம். எல்லாத்தையும் படிக்கணுமான்னு கேட்டிருக்கணும், கேக்கல. இறக்கினேன், லேப்டாப் நின்னுடுச்சி. அண்ணன் ஆபீஸ் சாஃப்ட்வேரைத் தூக்கிட்டாரு. நீங்க அனுப்ப வேணாம் மேடம், நானே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்.”

“இரு. எத்தனை பேர் அங்க?”

“எண்ணல மேடம். ரெண்டு தெரு.”

“ரெண்டு தெருவா?” மேடம் யாரிடமோ வேகமாக ஏதோ சொன்னாள். பிறகு, “யாரும் கலைஞ்சு போயிடலையே?” என்றாள்.

“இல்ல மேடம்.”

“யாரும் போகக் கூடாது. அப்படியே நிக்கச் சொல்லு.”

“போலீஸ் வருது போலக்குது” என்று கலையரசி கிசுகிசுத்தாள்.

“நான் பாவுக்குத்தாம்பா வந்தேன்” என்றார் ராமராஜன் உரக்க, போனுக்கும் கேட்கட்டும் என்று. ஆனந்தகுமார் தன் வீட்டுக் கதவைப் பார்த்தான். ஆனால் யாராலும் ஓட முடியவில்லை. ஒருவர் கையை விட்டாலும் மாணிக்கவாசகத்தின் பாவு மொத்தமும் மண்ணில் விழும். பயந்த முகத்தோடு எல்லோரும் பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அம்சவேணி மகளைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போனுக்கு முன்னால் வந்தாள். “எம்மா, கொஞ்சம் கேளும்மா. எம்பொண்ணு வாயில்லாப் பூச்சி. வேணாம் வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தா. குரல் குடுத்தது நானு. இன்னா கேசுன்னாலும் எம்மேல போடு, அவ வேலையில கை வெக்காத.”

“கேசா?” மேடம் சிரித்துவிட்டாள். “அந்தப் பக்கம் எவ்ளோ தாங்கும், எப்ப விழும்னு பாக்கத்தானேம்மா எங்க தொட்டாலும் வர்ற வார்த்தையாப் பொறுக்கிக் குடுத்து, பக்கத்துக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். பசங்க இப்பதான் மறுபடி எழுப்பி விட்டிருக்காங்க, நீங்க இன்னொரு தடவை குரல் குடுங்க.”